சாவியும் நீரும்

திண்டுக்கல் பூட்டின் சாவி கிணற்றில் விழுந்தால், பாதாளக் கரண்டியால் எடுத்துத் துடைத்துத் திறந்துகொள்ளலாம். அதன் இரகசியம் இரும்பின் வெட்டுக்களில் இருந்தது. அவ்வடிவத்தைப் படியெடுத்த திருடனும் எளிதில் திறந்தான்.

கார்த் திருட்டைத் தடுக்க, 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் மின்னணுத் தடைக்கருவி வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. சாவியிலுள்ள சில்லு உரிய குறியீட்டை அறிவித்தாலன்றி எஞ்சின் இயங்காது. அதே 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் சேரப்பணஞ்சேரிக்கு அருகே, ஒரகடத்தில், ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது.

இங்ஙனம் இரகசியம் இரும்பை விட்டு, என் குரலை உங்களிடம் சேர்க்கும் வானொலி அலையில் ஏறிற்று. பகையும் மாறிற்று. திருடனுக்கு அஞ்சாத சாவி நீருக்கு அஞ்சுகிறது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். சாவியினுள் அது புகுந்தால், 3 வோல்ட் மின்கலத்தின் மின்னோட்டம் அந்நீர்வழி ஓடிச் செம்புத் தடங்களை அரித்துவிடும்.

ஆதலின், கோவளத்தில் அலைச்சறுக்கு ஆடச் செல்லும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாவியைக் காரருகே ஒளித்து வைக்காதீர்கள். சாவி அருகிலிருந்தாலே கதவு திறக்கும் கார்கள் உண்டு. நீர்புகாப் பையிலிட்டு உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். முன்னதாக, அப்பையில் உலர்ந்த தாளை இட்டு, வாளி நீரில் அமிழ்த்திச் சோதியுங்கள். சாவி நனைந்துவிட்டால், மின்கலத்தை உடனே அகற்றி, நன்னீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்துங்கள்.