யாப்பஹுவையிலிருந்து கெய்ரோவுக்கு: ஒரு வணிகக் கடிதத்தின் கதை

நமது சமூகத்தின் வரலாற்றை எழுதியோர் பலரும் தவறாமல் எடுத்துச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஹிஜ்ரி 682 முஹர்ரம் மாதத்தில், அதாவது 1283 ஏப்ரலில், இலங்கை மன்னன் முதலாம் புவனேகபாகு அனுப்பிய தூதுக்குழு ஒன்று கெய்ரோ நகரை அடைந்தது. அல்ஹாஜ் அபூ உஸ்மான் என்பவர் அதில் முதன்மையானவர். எகிப்தை அப்போது ஆண்டவர் மம்லூக் சுல்தான் கலாவூன். வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸியின் அறபு நூல் வழியாக இச்செய்தி நமக்குக் கிடைத்தது.

சிங்கள மன்னனின் தூதராக ஒரு முஸ்லிம் போனார் என்பதோடு நமது கட்டுரைகளும் மேடைப் பேச்சுக்களும் நின்றுவிடுகின்றன. பெருமைக்குரிய விடயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அபூ உஸ்மான் கையில் இருந்தது வெறும் நட்புக் கடிதமல்ல, ஒரு வியாபாரத் திட்டம். அது என்ன திட்டம், கைகூடியதா, கைகூடவில்லை என்றால் ஏன் என்பதை நாம் விசாரித்தது குறைவு.

எனது மூத்தவாப்பா மாணிக்கக்கல் தரகர். சிறுவயதில் அவரிடம் ஒருநாள், "கல்லும் உங்கட இல்ல, காசும் உங்கட இல்ல, பொறகு ஏன் ஒங்களுக்குக் காசு தாராங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதத்தான் மகன் ஒவ்வொரு கல்லுக்காரனும் கேக்கிறான். என்ன உட்டுட்டு நேரப் போய் வித்துப் பாக்கிறான். பொறகு திரும்பி வாரான்" என்றார். புவனேகபாகுவின் கடிதத்தைப் பற்றி வாசித்தபோது அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

கடிதத்தில் இருந்தவை

கடிதம் பொற்பேழை ஒன்றில் வைத்துக் கொண்டுபோகப்பட்டது. கெய்ரோ அரண்மனையில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. எனவே கடிதத்தின் சாரத்தைத் தூதுவர்களிடமே கேட்டு அறிய வேண்டியிருந்தது.

மன்னன் சொன்னவற்றைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இலங்கையையும் எகிப்தையும் ஒன்றாகவே கருதுகிறேன். என்னிடம் முத்தும் பலவகை இரத்தினங்களும் ஏராளம் உண்டு. கப்பல், யானை, துணி, சாயமரம், கறுவா எல்லாம் உண்டு. முத்துக்குளிப்புத் துறைகள் எனக்குரியவை. ஆண்டுக்கு இருபது கப்பல் வேண்டுமென்றாலும் தரமுடியும். உங்கள் நாட்டு வணிகர்கள் இங்கு தாராளமாக வந்து வியாபாரம் செய்யலாம். எனது தூதுவர்களுடன் உங்கள் தூதர் ஒருவரை அனுப்புங்கள், ஏடனில் தங்கியிருக்க இன்னொருவரையும் நியமியுங்கள். யெமன் ஆட்சியாளரின் தூதர் உறவு தேடி என்னிடம் வந்தார். உங்கள் மீதுள்ள அன்பினால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதில் கடைசி விடயம்தான் முக்கியமானது. பொருள் இலங்கையில் இருக்கிறது. வாங்குபவர் எகிப்தில் இருக்கிறார். நடுவே நின்று இலாபம் எடுப்பவர் யெமனில் இருக்கிறார். நடுவில் நிற்பவரை விலக்கிவிட்டு நேரே கைகோர்ப்போம் என்பதே மன்னனின் யோசனை. இன்றைய முகாமைத்துவப் பாடநூல்கள் விநியோகச் சங்கிலியைச் சுருக்குவது என்று இதைத்தான் சொல்கின்றன.

தூதுக்குழு போன வழியையும் கவனிக்க வேண்டும். அவர்கள் ஏடன் வழியாகப் போகவில்லை. ஹொர்முஸில் இறங்கி, யூப்ரடீஸ் நதி வழியே பக்தாத் சென்று, அங்கிருந்து கெய்ரோவை அடைந்தார்கள். பக்தாத் 1258 முதல் மொங்கோலியர் கையில் இருந்தது. அந்த மொங்கோலியர்களும் மம்லூக்குகளும் 1281இல்தான் ஹிம்ஸ் நகரருகே பெரும்போர் நடத்தியிருந்தனர். ஆனால் 1282இல் பதவிக்கு வந்த மொங்கோலிய ஆட்சியாளர் அஹ்மத் தெகுதர் இஸ்லாத்தை ஏற்றிருந்தார், கலாவூனுக்குச் சமாதானக் கடிதமும் எழுதினார். கதவு சற்றே திறந்திருந்த அந்த இடைவேளையில்தான் நமது தூதுவர்கள் அவ்வழியே போனார்கள்.

கறுவா போன பாதை

அக்காலத்தில் இலங்கையின் கறுவாவும் கற்களும் எகிப்தை அடைந்த வழமையான பாதை வேறு. மலபார்க் கரைக்குப் போய், அங்கிருந்து வாடைக்காற்றோடு ஏடனுக்குப் போகும். ஏடனில் இறக்கி, நிறுத்து, வரி கட்டி, வேறு கப்பலில் ஏற்றுவார்கள். செங்கடலின் வடபகுதியில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்தே காற்று வீசுவதால் பாய்க்கப்பல் அதற்கு மேல் போவது கடினம். எனவே ஐதாப் போன்ற துறைகளில் சரக்கை இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து கூஸ் நகருக்கு எடுத்துச் செல்வார்கள். அதற்கே இரண்டு வாரத்துக்கு மேல் செல்லும். பிறகு நைல் நதியில் படகு. கெய்ரோவில் விற்று மிஞ்சியது அலெக்சாந்திரியாவுக்குப் போகும். அங்கே வெனிஸ், ஜெனோவா வணிகர்கள் காத்திருப்பார்கள்.

காற்றின் தவணை தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். போட்ட முதல் அவ்வளவு காலமும் முடங்கிக் கிடக்கும். அதனால்தான் இவ்வணிகத்தில் கை நிறையப் பணமும் பல துறைமுகங்களில் நம்பகமான ஆட்களும் உள்ளவர்களே நிலைத்தார்கள். எகிப்தின் காரிமி வணிகர்கள் அப்படிப்பட்டவர்கள். சுல்தான்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு அவர்களிடம் பணம் புரண்டது.

ஏடனை எடுத்துக்கொள்வோம். அது சும்மா வரி வசூலித்த இடமல்ல. கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க அங்கே போர்ப்படகுகள் இருந்தன. அதற்கென்று தனி வரியும் இருந்தது. களஞ்சியம் இருந்தது. எடையும் அளவும் எழுதிவைக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஊரில் இல்லாத வணிகனின் சரக்கைப் பொறுப்பேற்று விற்றுக்கொடுக்கும் வகீல்கள் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து வருபவனும் எகிப்திலிருந்து வருபவனும் ஒரே பருவத்தில் சந்திக்க முடியாது. ஒருவன் வைத்துவிட்டுப் போனதை மற்றவன் எடுத்துப் போவதற்கு நடுவே நம்பகமான இடம் ஒன்று வேண்டும். ஏடன் வாங்கியது அந்த வேலைக்கான கூலி. கூலி சிலவேளை கொள்ளையாகவும் மாறியது உண்மைதான். ஆனால் ஏடனை விலக்குபவன் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும்.

புவனேகபாகுவின் கடிதத்தில் இதற்கு விடை இல்லை. என்னிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் இருக்கிறது. என்ன விலை என்பது இல்லை. போகும் கப்பல் திரும்பிவரும்போது எதை ஏற்றிவரும் என்பது இல்லை. வழியில் சரக்கு மூழ்கினால் நட்டம் யாருக்கு என்பதும் இல்லை. ஏடனில் எகிப்தியத் தூதர் ஒருவரை இருத்தும்படி கேட்டதைப் பார்த்தால், ஏடனை முற்றாகத் தவிர்க்க இயலாது என்பது மன்னனுக்கும் ஓரளவு விளங்கியிருக்கிறது.

காயலில் நடந்த ஒப்பந்தம்

அதே காலத்தில் மன்னார்க் கடலுக்கு அப்பால், பாண்டிய நாட்டில், வேறொரு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. பாண்டியருக்குப் போர்க்குதிரை வேண்டும். அந்த மண்ணில் குதிரை தழைக்காது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுத்தீன் இப்றாஹீம் அத்தீபி ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 3,08,000 பொற்காசு. கடலில் குதிரை செத்துப்போனாலும் அதன் விலையைப் பாண்டியக் கருவூலம் கொடுக்கும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதை எழுதிவைத்திருக்கிறார்.

ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசவையில் அமைச்சராகவே இருந்தார். காயல் முதலிய துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. வந்திறங்கும் சீன, இந்தியப் பொருட்களில் முதலில் தெரிந்தெடுக்கும் உரிமையும் அக்குடும்பத்துக்கே. ஏற்றும் துறையில் ஒரு சகோதரர், இறக்கும் துறையில் மற்றவர். எத்தனை, என்ன விலை, நட்டம் யாருக்கு என்று மூன்றும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலங்கை மன்னனிடம் பொன்னான பொருள் இருந்தது, அதை நகர்த்தும் ஏற்பாடு இருக்கவில்லை. பாண்டியனிடம் பொருளும் இருந்தது, ஏற்பாடும் இருந்தது. 1284ஐ அண்டி ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் வந்த பாண்டியப் படை யாப்பஹுவையைச் சூறையாடித் தந்ததாதுவையும் செல்வத்தையும் அள்ளிச் சென்றது. புவனேகபாகுவின் ஆட்சியும் அதே ஆண்டோடு முடிகிறது. திட்டத்தை முன்னெடுக்க ஆளில்லை.

கலாவூனோ தன் பாட்டில் கணக்குப் பார்த்தார். யெமனுடனும் அவர் தூதுவர்களையும் பரிசுகளையும் பரிமாறிக்கொண்டிருந்தார். ஒரு விநியோகத்தரை நம்பி மற்றவரைப் பகைக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. 1288இல் அவர் யெமன், இந்தியா, சிந்து, சீனா எனப் பல நாட்டு வணிகர்களுக்கும் பொதுவாக ஒரு பாதுகாப்புப் பத்திரம் வெளியிட்டார். எல்லோரும் வாருங்கள், உங்கள் உயிருக்கும் பொருளுக்கும் நான் பொறுப்பு என்பது அதன் கருத்து. வாங்குபவனுக்கு அதுவே புத்திசாலித்தனம்.

பாதை கடைசியில் மாறிய விதம்

ஏடனைத் தாண்டிப் போகும் எண்ணம் பிறகு கைகூடியது. ஆனால் அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் சென்றன. அதைச் செய்தவர் மன்னரும் அல்ல, தூதரும் அல்ல. ஏடனின் கெடுபிடி தாங்காத இப்றாஹீம் என்ற கள்ளிக்கோட்டைக் கப்பல் தலைவர் 1422இல் அங்கு நிற்காமல் பாபுல் மந்தப் நீரிணையைக் கடந்து ஜித்தாவுக்குப் போனார். முதல்முறை அங்கும் அவருக்கு நல்ல அனுபவம் கிடைக்கவில்லை. அவர் விடாமல் மீண்டும் முயன்றார். பின்னர் மம்லூக் அதிகாரிகள் ஜித்தாவில் நியாயமாக நடந்துகொண்டபோது செய்தி பரவியது, அடுத்தடுத்த பருவங்களில் கப்பல்கள் அங்கே குவிந்தன. ஏடன் செய்த வேலையை ஜித்தா செய்யத் தொடங்கிய பிறகே ஏடன் தளர்ந்தது. அதன்பின் சுல்தான் பர்ஸ்பாய் மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியதும், காரிமி வணிகர்கள் நொடிந்ததும் தனிக்கதை.

இலங்கைக் கறுவாவின் நிலை என்ன? 1344இல் இப்னு பதூதா புத்தளம் வந்தபோது, வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் மேடுமேடாகக் கிடக்கக் கண்டார். மஃபர், மலபார்க் கரைகளிலிருந்து வந்தவர்கள் விலையின்றி அதை ஏற்றிப்போனார்கள். ஆரியச்சக்கரவர்த்திக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கெய்ரோ வரை பொற்பேழையில் புகழப்பட்ட பொருள், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சொந்தக் கரையில் விலையின்றிக் கிடந்தது.

இது பழங்கதை மட்டுமல்ல. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இங்கு வந்து, பால்நிறமான கெவுடக் கற்களை மலிவு விலைக்கு வாங்கிப் போனார்கள். ஒன்றுக்கும் உதவாதவை என்று நம்மவர்கள் ஒதுக்கிவைத்த கற்கள் அவை. அங்கே சூளையில் சூடாக்கியபோது அவை நீலக்கல்லாயின. கல் நம்முடையது, சூளையின் சூட்சுமம் அவர்களுடையது. நமது வணிகர்கள் அந்த வித்தையைக் கற்றுத் திரும்புவதற்குள் எத்தனையோ மூட்டை கற்கள் கைமாறிவிட்டன.

அபூ உஸ்மானைப் பற்றிப் பேசும்போது நாம் அரசவை மரியாதையை மட்டும் பேசுகிறோம். அவருக்குப் பாதை தெரிந்திருந்தது, மொழி தெரிந்திருந்தது, எந்த நாட்டில் எந்த ஆண்டு கதவு திறந்திருக்கும் என்பதும் தெரிந்திருந்தது. ஒருவரும் வாசிக்க முடியாத கடிதத்துக்கு கெய்ரோவில் பொருள் கொடுத்தது தூதுவர்களின் நாவுதான். நமது முன்னோரின் உண்மையான முதல் அந்த அறிவுதான். அதைப் பற்றி நாம் எழுதிவைத்திருப்பதோ மிகக் குறைவு.

எனது மூத்தவாப்பாவின் கணக்குக் கொப்பிகள் அறபுத்தமிழில் எழுதப்பட்டவை. யாரிடம் வாங்கினார், யாரிடம் கொடுத்தார், எதில் நட்டப்பட்டார் எல்லாம் அவற்றில் இருந்தன. அவர் மௌத்தான பின் வீடு திருத்தும்போது பழைய கடதாசியோடு கடதாசியாக அவையும் போய்விட்டன. அப்போது எனக்கும் அதன் பெறுமதி தெரியவில்லை. பேருவளையிலும் காலியிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் கல்முனையிலும் இப்படியான கொப்பிகள் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கும். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள். வஸ்ஸாஃப் எழுதிவைத்ததால்தான் காயலின் குதிரைக் கணக்கு நமக்குத் தெரிந்தது. நமது கணக்கை நாம்தான் எழுதி வைக்கவேண்டும்.