யானைத் துறையும் குதிரைத் தீவும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே பழைய கல்வெட்டு ஒன்று உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அதிலே தமிழிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டார் காக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வேறு சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதியாகப் பிரிக்கப்படும் என்பது அவ்வாணையின் சாரம். படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருவோன் மனம் தளர்ந்துவிடலாகாது என்று மன்னன் கருதினான் போலும்.

அக் கல்லிலே அருகருகே நிற்கும் யானையும் குதிரையும் பிற்காலத்தில் அக்கடலின் இரண்டு தீவுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டமை விந்தையே. யானை ஊர்காவற்றுறைக்கு வாய்த்தது. குதிரை நெடுந்தீவுக்கு வாய்த்தது. இரு தீவுகளின் வாழ்வும் வெவ்வேறு வழிகளிற் சென்றதற்கு இதனையே ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

கல்வெட்டுக் கூறும் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. ஊரைக் காவல் செய்யும் துறை என்று பிற்காலத்தார் பொருள் கூறுவது செவிக்கு இனிதாயினும், பழைய பெயர் ஊராத்துறை என்பதே. திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டொன்றும் பராக்கிரமபாகு படகுகள் கட்டுவித்த இடங்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுகின்றது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இத்துறையை யானைத் துறை என்று தம் மொழியில் வழங்கினர். துறை என்னும் பொருள்தரும் அவர்களது சொல்லே திரிந்து, ஆங்கிலத்திற் கயிற்ஸ் என நிலைத்தது.

வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளும், தெற்கேயிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட யானைகளும் ஆனையிறவிலே களப்பைக் கடந்து குடாநாட்டினுள் புகுந்தன. அந்த இடத்தின் பெயரே அதற்குச் சான்று. வன்னியர் செலுத்திய திறையும் பெரும்பாலும் யானையாகவே இருந்தது. 1658ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் இவ்வணிகத்தைத் தம் கையிற் பற்றிக்கொண்டனர். கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் யாழ்ப்பாணம் வந்து யானைகளை விலைக்குக் கொண்டனர். அவற்றை மரக்கலத்தில் ஏற்றிய இடம் ஊர்காவற்றுறை. பல நாட்டார் பேச்சும் பல நாட்டு நாணயமும் புழங்கிய துறை அது. வந்தவனோடு பேசிப் பழகுவதும், தானும் வெளியே சென்று கடை திறப்பதும் அப்பகுதி மக்களுக்குக் கைவந்த கலையாயின. வேலணையிற் புகையிலை பயிரிட்டோர் ஒருபுறமிருக்க, இலங்கையின் தென்பகுதி நகரங்களிற் கடை வைத்திருந்தோர் மறுபுறம் இருந்தனர்.

துறையின் வாயிலிலே கடல் நடுவே நிற்கும் சிறு கோட்டையைத் தமிழர் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தரோ அதற்குப் பன்றித்தொடையின் குதிகால் என்னும் பொருள்பட ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கைப் படம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தோன்றியதாம்! பெயரிடுவதில் அவர்களுக்கிருந்த துணிவு வியக்கத்தக்கது. வேலணைத் தீவை லைடன் என்றும், நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களால் அழைத்தனர். அவற்றுள் டெல்வ்ற் என்பதே ஆங்கில வழக்கில் உறுதியாய் நிலைத்தது. 1658ஆம் ஆண்டு முற்றுகையிற் கடற்கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் பீரங்கிக்கு அஞ்சிப் பணிந்தாரல்லர். குடிநீர் இன்மையாலேயே பணிந்தனர். சுற்றிலும் கடல், உள்ளே தாகம். தீவகத்தின் வரலாறு முழுவதையும் அக்கோட்டை சில நாட்களில் நடித்துக் காட்டிவிட்டது எனலாம்.

இனி நெடுந்தீவுக்குச் செல்வோம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து இயந்திரப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். குன்றோ ஆறோ இல்லை. பவளப் பாறையின்மீது மெல்லியதாகப் படிந்த மண். அதனைக் கிண்டினாற் கல். அக்கல்லைப் பெயர்த்தெடுத்துச் சாந்து பூசாது அடுக்கியே வேலி அமைத்தனர் நெடுந்தீவார். வேலணையிற் கதியாலும் பனையோலையும் செய்யும் வேலையை இங்கே கல் செய்கின்றது. ஓலை வேலியை ஆண்டுதோறும் புதிதாக அடைக்க வேண்டும். கல்வேலியோ பாட்டன் வைத்தபடியே பேரனுக்கும் நிற்கும். எல்லைச் சண்டை இதனாற் குறைந்ததா என்பதை நெடுந்தீவாரிடமே கேட்டறிதல் வேண்டும்.

உழவுக்குப் பெரிதும் உதவாத நிலம் மேய்ச்சலுக்கு உதவிற்று. நாலு பக்கமும் கடலாதலின் காவலாள் வேண்டுவதில்லை. இதனைக் கண்டுகொண்ட போர்த்துக்கேயர் அங்கே குதிரைகளை வளர்க்கத் தொடங்கினர். ஒல்லாந்தர் அதனைப் பெருக்கினர். ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் படையதிகாரி குதிரைப் பண்ணையை மேற்பார்த்தார். அக்காலக் குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேரும் நெடுந்தீவிற் கிண்டப்பட்டது. அதுவும் ஆள்வோரின் தனியுரிமைப் பண்டமாகவே இருந்தது. துறைமுகத்தை ஆண்டவன் வணிகரை வரவேற்றான். தீவை ஆண்டவன் அதனைத் தன் தொழுவமாக வைத்துக்கொண்டான். ஒரே அரசின் இரண்டு முகங்கள் இவை. ஊர்காவற்றுறை உலகத்துக்குத் திறந்த கதவாயிற்று, நெடுந்தீவு பின்வளவாயிற்று.

பிரான்சு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட தீவுகளிலும் இத்தகைய வேற்றுமையைக் காணலாம். இந்துசமுத்திரத்திலே எரிமலையும் கரும்புத் தோட்டமும் உடைய றியூனியன், தமிழர் பலர் கூலிகளாகச் சென்று குடியேறிய தீவு. வட அத்திலாந்திக்கிலே பனிமூட்டத்தில் மீன்பிடித்து வாழ்ந்தது சென் பியர். கொடி ஒன்று, வாழ்வு இரண்டு. ஆயின் அவற்றுக்கிடையே கண்டங்களே கிடக்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கிடப்பதோ ஒரு காலைப் பொழுதிற் கடக்கத்தக்க கடல்.

அச்சிறு கடலே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பண்ணைக் கடல் ஆழமற்றது. ஆதலால் இருபதாம் நூற்றாண்டிலே கல்லும் மண்ணும் கொட்டி யாழ்ப்பாண நகரையும் வேலணைத் தீவையும் தாம்போதியால் இணைக்க முடிந்தது. புங்குடுதீவும் அவ்வாறே இணைந்தது. சாட்டியின் மணற்பாங்கான நிலம் மழைநீரைத் தாங்கி வைத்து நன்னீர்க் கிணறுகளைத் தந்தது. நெடுந்தீவிலோ நல்ல கிணறு சிலவே, பெரும்பாலானவை உவர். சோளகக் காற்றுக் காலத்திற் கடல் கொந்தளித்தாற் படகு ஓடாது. நோயாளி ஒருவரை யாழ்ப்பாண வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின், வைத்தியரைவிடக் காற்றையே முதலிற் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கடல்வழியே 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலிற் படுகொலை செய்யப்பட்டனர். வேறு வழி இல்லாத மக்களின் ஒரே வழி அது. மறுநாளும் அதே கடலைத்தான் கடக்க வேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டை அடுத்து நிகழ்ந்த போரிலோ வழியுள்ள தீவே பெரிதும் வெறுமையாயிற்று. படை வேலணையையும் ஊர்காவற்றுறையையும் கைக்கொள்ள, மக்கள் இடம்பெயர்ந்து குடாநாட்டுக்கும், பின்னர் பாரிஸ் முதலிய நகரங்களுக்கும் சென்றனர். கூரையிழந்த கல்வீடுகள் பல இன்றும் உடையவரை எதிர்பார்த்து நிற்கின்றன.

இவ்விரு தீவுகளும் ஒருவரிடத்தே ஒன்றுகூடியதும் உண்டு. தனிநாயகம் அடிகள் 1913ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிற் பிறந்தார். அது தாயாரின் ஊர், தந்தையார் நெடுந்தீவினர். 1964ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966ஆம் ஆண்டில் முதல் மாநாடு கோலாலம்பூரிற் கூடவும் முன்னின்று உழைத்தவர் அவரே. கடல்கள் பல கடந்து தமிழைத் தேடிய அவருடைய கால்களில் துறைமுகத்தின் பழக்கம் இருந்தது என்பது பொருந்தும். அவருடைய பொறுமையிலே நெடுந்தீவின் கல்வேலி இருந்தது என்பதும் பொருந்தும்.

ஊர்காவற்றுறையில் இன்று யானையின் சுவடு எதுவும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. நெடுந்தீவிலோ குதிரைகள் உள்ளன. பண்ணை கலைந்த பின் உடையவரின்றிக் காட்டுக்குதிரைகளாகிவிட்ட கட்டையான அவ்விலங்குகள் தீவின் தெற்கு வெளிகளிற் கூட்டமாகத் திரிகின்றன. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் வறட்சி கடுமையான ஆண்டுகளில் நீரின்றி மடிந்த குதிரைகள் பல. கோடை முற்றிய நாட்களில் ஊரார் தம் கிணற்றிலிருந்து அள்ளித் தொட்டியில் ஊற்றும் நீரைத் தேடி, அவை கல்வேலிகளின் ஓரமாக வந்து நிற்பதுண்டு.