வஞ்சியில் எழுந்த வினா

இடுக்கி எல்லையில், குமுளிக்கு அருகே மங்கலதேவி மலையில் உள்ள கண்ணகி கோயிலில், சித்திரைப் பௌர்ணமியன்று தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே வழிபடுகின்றனர். அக்கண்ணகியைச் சேரர் தலைநகராம் வஞ்சியில் வணங்கிய பின்னரே, மணிமேகலை சமயவாதியரை நாடினாள் என்பார் சாத்தனார்.

அவள் முதலில் வினவியது அளவைவாதியை. எதனையும் அறியும் வழி யாது என்பதே அங்கு முதற்பொருள். ஈசனே இறைவன் என்ற சைவவாதியையும் கேட்டாள். காட்சியே மெய், மறுமை இல்லை என்ற பூதவாதியையும் கேட்டாள். தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் எனப் பூதவாதியை மடக்கினாள்.

இவ்வினா கடவுளை நிறுவிவிடாது. அவள் ஏற்றதும் பௌத்த அறமே. ஆயினும், காணாத யாவும் பொய்யென்று தள்ளுதல் அறிவன்று என்பதை அது காட்டுகிறது. கருதிய யாவும் மெய்யென்று கொள்ளுதலும் அறிவன்று என்பது நம் துணிபு.

புலம்பெயர்ந்த நம் இல்லங்களில் பிள்ளைகள் கடவுள் உண்டோ என வினவுங்கால், சினவாது, அளவை யாதென அவர்களோடு சேர்ந்து ஆராய்வோமாக.