மீனைக் காட்டி மீன் பிடித்த கதை

மீனைக் கொண்டே மீனைப் பிடிப்பது மனிதன் கண்ட மிகப் பழைய உபாயங்களுள் ஒன்று. வட அமெரிக்காவின் பேரேரிகளை அடுத்த நாடுகளில் மாரிக்காலம் வந்ததும் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து, மனிதர் நடமாடும் தரையைப்போல் இறுகிவிடும். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அப்பனிக்கட்டியில் ஒரு துளையிட்டு, அதன்மேல் வெளிச்சம் புகாத சிறு கூடாரம் அமைத்து, கையில் ஈட்டியுடன் காத்திருப்பர். இருளிலிருந்து கீழே நோக்குவோனுக்கு, பனிக்கட்டியை ஊடுருவிச் சென்ற பகலொளியால் நீர் விளக்கேற்றிய அறைபோலத் தெளிவாகத் தோன்றும். மரத்தாற் செதுக்கிக் கனமேற்றிய போலிமீன் ஒன்றை நூலிற் கட்டி அத்துளை வழியே இறக்கி, நீந்துவதுபோல் ஆட்டுவர். உயிருள்ள சிறுமீனையே நூலிற் பிணைத்து நீந்தவிடுவோரும் உளர். அதனை நாடிப் பெருமீன் வரும், ஈட்டி பாயும். இம்முறை இன்றும் அங்கு வழக்கொழியவில்லை.

இது குளிர்நாட்டார்க்கு மட்டும் உரிய தந்திரம் என்று எண்ணுதல் வேண்டா. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மீன்பிடித் தொழிலைப் பற்றிக் கிரேக்க மொழியிற் செய்யுள் யாத்த ஒப்பியன், பெண்மீன் ஒன்றை நூலிற் கட்டிக் கரையோரமாக இழுத்துச் சென்று, பின்தொடரும் ஆண்மீன்களை வலையில் அகப்படுத்தும் முறையை விவரித்துள்ளான். நம் தமிழ் மக்களும் இவ்வுபாயத்தை அறிந்திருந்தனர். அதற்கென ஒரு சொல்லும் வைத்திருந்தனர். அச்சொல் ‘பார்வை’ என்பது. காட்டு விலங்குகளை ஈர்ப்பதற்காகப் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்குக்குப் பார்வை என்று பெயர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பின் விளாமரத்தடியில் பார்வைமான் கட்டப்பட்டிருக்கும் காட்சி வருகின்றது. கட்டிக் கட்டி அம்மரத்தின் அடியும் தேய்ந்துபோயிற்றாம். கூட்டிலடைத்த கௌதாரியைக் கூவவைத்துக் காட்டுக் கௌதாரியைப் பிடிப்பதும் இவ்வகையினதே.

கொழும்பில் வாழும் நமக்கு இவ்வரலாறு இன்னும் அணுக்கமானது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சம்பலுக்கு இடிக்கப்படும் மாசிக் கருவாட்டின் பின்னால் நிற்பது உயிருள்ள சிறுமீனே. மாலைதீவில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். அத்தீவினர் சூரைமீனைப் பிடிக்கும் முறையைச் சற்று நோக்குவோம்.

விடியுமுன்னர் பவளப்பாறைகளின் அருகே வலை இறக்கிச் சிறுமீன்களைச் சேர்ப்பர். அவற்றை உயிருடன் ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இதற்கென மீன்பிடித் தோணியின் அடிப்பாகத்திலே துளைகள் அமைத்து, கடல்நீர் உள்ளே ஏறும்படி ஓர் அறை வகுத்திருப்பர். நீர் இடையறாது புகும்; இறைப்போர் இடையறாது இறைப்பர். அவ்வாறு புதுநீர் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் சிறுமீன் உயிர்வாழும். சூரைக்கூட்டத்தைக் கண்டதும் ஒருவன் சிறுமீன்களை அள்ளி வீசுவான். வேறு சிலர் நீரைத் தெளித்து, மேற்பரப்பிற் சிறுமீன் துள்ளுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குவர். மற்றையோர் நீண்ட கழிகளில் நூலைக் கட்டித் தூண்டிலை இறக்குவர். அத்தூண்டிலில் இரை கிடையாது, எதிர்முள்ளும் கிடையாது. பளபளக்கும் வெறும் முள்ளைச் சிறுமீனென்று எண்ணிக் கவ்வும் சூரை, கழியின் ஒரே வீச்சில் தோணிக்குள் வந்து விழுந்து தானே கழன்றுவிடும். உயிர்மீன் அழைக்கின்றது, போலிமீன் பிடிக்கின்றது. பனிக்கட்டியின் கீழே தனித்தனியாகக் கண்ட இரண்டும் இங்கே ஒரு தோணியில் ஒன்றுசேர்ந்துவிட்டன. இந்தியாவின் இலட்சத்தீவுகளைச் சேர்ந்த மினிக்கோயிலும் இதே முறை வழங்குகின்றது.

இது எவ்வளவு பழையது? 1602ஆம் ஆண்டிலே மாலைதீவில் கப்பலுடைந்து, 1607 வரை அங்கே சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார்ட், தாம் கண்ட மீன்பிடியை நுணுக்கமாக எழுதிவைத்துள்ளார். முதல்நாளே சிறுமீன் பிடித்து, தென்னங்கயிற்றால் முடைந்த சிறுகண் வலைப்பைகளில் இட்டு, தோணியின் பின்புறம் கடலிலேயே நீந்தவிட்டு வைப்பராம். இரை கோக்காத, எதிர்முள்ளற்ற, வெண்மையாக்கிய தூண்டிலையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. அவருக்கும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1343ஆம் ஆண்டு மாலைதீவுக்கு வந்து காதியாராகப் பணியாற்றிய இப்னு பத்தூத்தா, அத்தீவினர் மீனைத் துண்டித்து அவித்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையிற் காயவைத்து, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் அனுப்பியதை எழுதியுள்ளார். நாம் வாங்கும் மாசி அதுவேயன்றி வேறன்று.

இம்மாசிக்குப் பெருஞ்சந்தையாய் விளங்கியது கொழும்பு. தென்மேற்குக் காற்றைத் துணைக்கொண்டு மாசியும் கயிறும் ஏற்றிய பாய்க்கப்பல்கள் கொழும்புத் துறைக்கு வரும். வடகீழ்க் காற்று வீசத் தொடங்கியதும் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் மாலைதீவுச் சுல்தான் ஆண்டுதோறும் கொழும்பிலிருந்த தேசாதிபதிக்குக் காணிக்கையுடன் தூதனுப்பும் வழக்கம் இருந்தது. 1883இல் எச். சி. பி. பெல் மாலைதீவைப் பற்றி எழுதிய விரிவான அறிக்கை வெளிவந்ததும் இலங்கை அரசாங்கத்தின் வாயிலாகவே. மாலைதீவு சுதந்திரம் பெறுவதற்கான உடன்படிக்கைகூட, 1965 யூலை 26ஆம் நாள், கொழும்பிலேதான் கைச்சாத்திடப்பட்டது.

நெல் விளையாத பவளத்தீவுகளில் வாழ்ந்தோர்க்குச் சோறு கொடுத்தது சூரை. சூரையைக் கொடுத்தது தோணியின் அடியில் நீந்திய விரலளவு மீன். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுப்பு அணைந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அது அறுந்தது. 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு பொழிந்தன. கடற்போக்குவரத்துத் தடைப்பட்டது. போர்க்காலம் முழுவதும் அரிசி வரவு குன்றியமையால் மாலைதீவு மக்கள் கொடும் பஞ்சத்துக்கு ஆளாயினர். கடலில் மீன் இருந்தது. பிடிக்கும் கையும் இருந்தது. கொண்டுவந்து விற்கவும் அரிசி வாங்கவும் வழி அடைபட்டிருந்தது.

மற்றொரு முறை கண்ணியை அறுத்தது வாணிப நெருக்கடி. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மாசி இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தது. ஒரே சந்தையை நம்பியிருந்த தீவினர் வேறு வழி தேடினர். 1972 முதல் யப்பானியக் கப்பல்களுக்குப் பச்சைமீனாகவே விற்கத் தொடங்கினர். 1974 முதல் தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. பாய்மரம் இறங்கியது, வாங்குவோர் மாறினர். எனினும் அடித்தட்டில் நீந்தும் சிறுமீன் மட்டும் மாறவில்லை.

பார்வை விலங்கின் வரலாற்றை வஞ்சகத்தின் வரலாறு என்று சொல்வோர் சொல்லலாம். இனத்தைக் காட்டி இனத்தை வீழ்த்துவதில் வஞ்சகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனுள்ளே ஒரு கட்டாயமும் அடங்கியிருக்கின்றது. கருவியாகப் பயன்படுவது உயிராதலால், பயன்படுத்துவோன் அதனைப் பேணியே ஆகவேண்டும். எயினன் மானுக்குப் புல்லிட வேண்டும். தோணிக்காரன் நீர் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இறைப்பவன் கை சோர்ந்தால் சிறுமீன் சாகும். சிறுமீன் செத்தால் அன்றைய தொழிலே இல்லை.

அப்பேணுகை தோணியோடு முடிவதுமில்லை. சிறுமீன்கள் வளர்வது பவளப்பாறைகளை அண்டியே. 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றபோது மாலைதீவின் ஆழங்குறைந்த பாறைகளில் பவளம் பெருமளவில் வெளுத்து மடிந்தது. சூரைமீனைக் கழியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கும் இம்முறை, வேண்டாத உயிர்களை வாரிக்கொல்லாத நன்முறையென்று 2012இல் உலகத் தரச்சான்றும் பெற்றது. ஆனால் பாறை அழிந்து சிறுமீன் அருகிவிடுமாயின் அந்நன்முறைக்கும் ஆதாரம் இல்லாது போகும்.

பாடநூல்கள் மன்னர்களின் பெயரையும் போர்களின் ஆண்டையும் நமக்குத் தருகின்றன. ஒரு தீவினத்தை நூற்றாண்டுகளாகத் தாங்கிய விரலளவு மீனுக்கு அவற்றில் இடம் கிடைப்பது அரிது. ‘பார்வை’ என்ற அருமையான சொல்லையும் அப்பொருளில் நாம் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம். சொல்லை மீட்பது நம் கையில் உள்ளது. பாறையையும் சிறுமீனையும் காப்பது, இக்கடலின் பயனை உண்ணும் கரைகள் அனைத்தினதும் கடனாகும்.