உலகம் சுற்றும் கரகரப்பு

வன்னியில் 1990களில் றேடியோ கேட்டவர்களுக்கு அந்தக் கரகரப்பு மறந்திருக்காது. பொருளாதாரத் தடைக் காலம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் இன்னொருவர் பிபிசி தமிழோசையையோ வெரித்தாஸையோ பிடிப்பார். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தியும் அமுங்கிப்போகும். ஐப்பசி இரவுகளில் இதோடு இன்னொரு தொல்லையும் சேரும். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று அறிவிப்பாளர் சொல்லும் கணத்தில் ‘கர்க்’ என்று ஒரு வெட்டு விழும். ஊரின் பெயர் போய்விடும். “எங்கையாம், எங்கையாம்?” என்று சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

அந்த வெட்டை எல்லாரும் சபித்தோம். அது எங்கே பிறந்தது, எவ்வளவு தூரம் போனது, எங்கே அடங்கியது என்று எண்ணிப் பார்க்க அப்போது மனமும் இருக்கவில்லை, வசதியும் இருக்கவில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளைத் தேடிக் கேட்கும் பொழுதுபோக்கில் இறங்கிய பிறகுதான் அதன் பயணத்தைத் தொடர முடிந்தது. செய்தியைக் கெடுத்த அந்தக் கரகரப்பு வன்னியின் புதுக்குடியிருப்புக்கு மேலே பிறந்து உலகத்தையே சுற்றி வரக்கூடியது.

அது பிறக்கும் காலம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. கச்சான் காற்று ஓய்ந்து வாடை இன்னும் நிலைக்காத இடைக்காலம் அது. காலை முழுக்க வெயில் எரிக்கும். முல்லைத்தீவுக் கடலில் இருந்து ஈரக்காற்று உள்ளே வரும். பின்னேரம் ஆக மேகம் கறுத்து உயரும். கிழவிகள் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்லத் தொடங்கும் நேரத்தில், மேகத்துக்கும் நிலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் பாய்கிறது. நாம் பார்ப்பது அதன் ஒளி. கேட்பது அதன் இடி. இடி இருபது கிலோமீற்றர் போவதற்குள் அடங்கிவிடும். ஆனால் பல கிலோமீற்றர் நீளமான அந்த மின்னல் பாதை ஒரு பெரிய அன்ரெனாவாகவும் வேலை செய்கிறது. சில ஹேர்ட்ஸிலிருந்து பல மெகாஹேர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அடியாக வானொலித் துடிப்பை வீசுகிறது. அதன் உச்ச வலு 5 முதல் 10 கிலோஹேர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. நம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே அந்த எண்கள் வருவதால், ஒரு நீளக் கம்பி, சிறிய அம்பிளிபயர், ஹெட்போன் போதும். நிலையம் பிடிக்கத் தேவையில்லை.

துடிப்புக்குக் கீழே நிலமும் கடலும். மேலே மின்னேற்றம் பெற்ற அயனமண்டலம். இரவில் அந்தக் கூரை ஏறத்தாழ 85 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். மேலும் கீழும் தெறித்துப் போகும் அலையின் பாதி நீளமாவது இந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். ஆகவே ஏறத்தாழ 1.7 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை அந்த வழியில் போக முடியாது. அந்த எல்லையை ஒட்டிய சுரங்கள் தயங்கித் தயங்கிப் பின்னால் வரும், உயர்ந்த சுரங்கள் முன்னே ஓடிவிடும். ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்த மின்னல் காதில் ‘கர்க்’ என்று விழாது. ‘ட்யூ’ என்று சரிந்து முடியும் குருவிச் சத்தம் போல இருக்கும். ஆங்கிலத்திலும் ஒலிக்குறிப்பாகவே ‘ட்வீக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் வெறுமையாக இருக்கும் புதுக்குடியிருப்பு வானத்தின் கீழ் ஹெட்போனைப் போட்டால், வங்காள விரிகுடாவுக்கு அப்பால் அடிக்கும் மின்னல்கள் இப்படித்தான் நூற்றுக்கணக்கில் வந்து சேரும்.

முதலாம் உலகப் போரில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்றிஷ் பார்க்ஹவுசன் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க நிலத்தில் கம்பிகளை ஊன்றி அம்பிளிபயரில் கேட்டபோது, மேலிருந்து கீழே நீளமாக இறங்கும் விசில் ஒன்று குறுக்கிட்டது. களத்தில் இருந்த சிப்பாய்கள் அதைக் குண்டுகள் பறக்கும் சத்தத்தோடு ஒப்பிட்டார்களாம். இதைப் படிக்கும் வன்னி மனிதருக்கு அந்த ஒப்பீடு விளங்கும். 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனையின் மேலேயே எறிகணைகள் விழுந்தன. கூவல் நீண்டால் தாண்டிப் போகிறது, சட்டென்று நின்றால் படுக்க வேண்டும் என்று குழந்தைகளும் தெரிந்து வைத்திருந்த காலம் அது. மேலிருந்து இறங்கும் எந்த விசிலையும் அந்தத் தலைமுறை அமைதியாகக் கேட்காது.

பார்க்ஹவுசன் கேட்ட விசிலின் காரணத்தை 1953இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஓவன் ஸ்ரோரி விளக்கினார். மின்னல் துடிப்பின் ஒரு பகுதி அயனமண்டலத்தைத் துளைத்து, பூமியின் காந்தக் கோடு வழியே விண்வெளிக்கு ஏறி, மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது. வழியில் தாழ்ந்த சுரங்கள் பின்தங்குவதால் அது விசிலாக நீள்கிறது. இந்த விசிலை வாரணாசியிலும் நைனிதாலிலும் குல்மார்க்கிலும் பதிந்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காந்த நடுக்கோடு தென்னிந்திய முனைக்குக் கிட்டப் போகிறது. அதனால்தான் 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவில் இருந்து கிளம்பியது. நடுக்கோட்டருகே காந்தக் கோடுகள் படுத்துக் கிடக்கும், துடிப்புக்கு மேலே ஏற வழி இருக்காது. வன்னி மின்னல் தரையை ஒட்டியேதான் பயணப்பட வேண்டும்.

தரையை ஒட்டிப் போகும்போது அதற்கு ஒரு சகபயணி உண்டு. கணினியின் சவுண்ட் கார்டில் அன்ரெனாவைக் கொடுத்து, ‘ஸ்பெக்ட்ரம் லேப்’ மென்பொருளில் பார்த்தால், மின்னல்கள் திரையில் குறுக்குக் கீறல்களாகத் தெரியும். அவற்றினூடே 18.2 கிலோஹேர்ட்ஸில் ஒரு கோடு நாள் முழுதும் அசையாமல் நிற்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது பெரிய மர்மம். மரச்சட்டத்தில் பல சுற்றுச் செம்புக் கம்பி சுற்றி, அதை மெதுவாகத் திருப்பினால் மர்மம் உடையத் தொடங்கும். ஒரு திசையில் கோடு மங்கி மறையும். அப்போது சட்டத்தின் அச்சு நீட்டும் பக்கத்தில் நிலையம் இருக்கிறது. புதுக்குடியிருப்பில் இருந்து அந்தத் திசை மேற்கு-தென்மேற்கு. மன்னார் வளைகுடாவைத் தாண்டி, ஏறத்தாழ 340 கிலோமீற்றரில், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம். 1990 ஒக்டோபரில் அது பணியில் சேர்க்கப்பட்டது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் சொல்ல வேண்டியதை இந்த அலை சொல்கிறது. அலைநீளம் பதினாறரைக் கிலோமீற்றர். உப்புநீரில் சில மீற்றர் ஆழத்துக்கு இறங்கக்கூடியது. 19.8 கிலோஹேர்ட்ஸில் நிற்கும் மற்றக் கோட்டுக்குச் சட்டத்தைத் திருப்பினால் தென்கிழக்கு வருகிறது. அது மேற்கு அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில், நடுக் கோபுரமே 387 மீற்றர் உயரமான ஹரோல்ட் ஈ. ஹோல்ட் நிலையம்.

2009 யூலை 22 அன்று முழுச் சூரிய கிரகணம் வட இந்தியாவைக் கடந்தது. கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் இந்தியாவெங்கும் பல இடங்களில் கருவிகளை வைத்து, அந்த நாளில் இதே 18.2 அலை எப்படி மாறுகிறது என்று அளந்தது. நிழல் விழுந்த சில நிமிடங்களில் மேற்கூரை உயர்ந்து இறங்கியதால் சில இடங்களில் அலை வலுத்தது, சில இடங்களில் மெலிந்தது. அழகான ஆய்வு. அதைப் படித்தபோது அந்தத் திகதியில் கண் நின்றுவிட்டது. விஜயநாராயணத்து அலை எல்லாப் பக்கமும் பரவுவது. அன்று காலை வெறிச்சோடிக் கிடந்த புதுக்குடியிருப்பைக் கடந்து, மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முள்வேலிக்குள் இருந்த ஏறத்தாழ 280,000 மனிதர்களையும் கடந்து அது போயிருக்கிறது. அளந்தவர்களிடம் குறையில்லை. ஆனாலும் ஒரு அறிவியல் பதிவின் திகதியை எங்களால் திகதியாக மட்டும் வாசிக்க முடிவதில்லை.

மின்னலுக்குத் திரும்புவோம். கிலோஹேர்ட்ஸ் சுரங்கள் சில ஆயிரம் கிலோமீற்றரில் தேய்ந்துவிடும். துடிப்பின் அடியில் இருக்கும் மிகத் தாழ்ந்த பகுதி, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளது, கிட்டத்தட்டத் தேயாமல் போய்க்கொண்டே இருக்கும். எல்லாத் திசையிலும் பரவிய வட்டம் பூமியின் மறுபக்கத்தில் மீண்டும் ஒன்றுகூடுகிறது. புதுக்குடியிருப்புக்கு நேர் எதிர்ப்புள்ளி பெரு நாட்டுக்கு மேற்கே, பசுபிக்கின் நடுக்கடல். அங்கே குவிந்து கடந்து மறுபடி விரிந்து, பிறந்த இடத்துக்கே திரும்பி வருகிறது.

ஒளியின் வேகத்தில் போகும் ஒன்று ஒரு செக்கனில் பூமியை ஏழரைத் தடவை சுற்றும். இதிலிருந்து தொடங்கி, மியூனிக்கின் வின்ஃபிறீட் ஒட்டோ ஷூமன் 1952இல் ஒரு கணக்குப் போட்டார்: உலகத்து மின்னல்கள் எல்லாம் சேர்ந்து இந்த இடைவெளியை ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிர வைக்க வேண்டும். சுவர்கள் பழுதில்லாத கடத்திகளாக இருந்தால் அது 10.6 ஹேர்ட்ஸ். அயனமண்டலம் அலையை உறிஞ்சுவதாலும் தாமதப்படுத்துவதாலும் உண்மையில் 7.8. அதற்கு மேலே 14, 20, 26 என்று அடுத்த சுரங்கள். 1960இல் அமெரிக்காவில் பால்சரும் வாக்னரும் அதை அளந்து உறுதிப்படுத்தினார்கள். ஒரு செக்கனுக்கு உலகெங்கும் ஏறத்தாழ 45 மின்னல்கள் அடிப்பதால் அந்த முழக்கம் ஓய்வதே இல்லை. மிக வலுவான ஒரு மின்னல் மட்டும் அந்தப் பொது முழக்கத்துக்கு மேலே தனியாகத் தலைநீட்டும். 1960களில் இதைக் கண்ட ஜப்பானியர் தோஷியோ ஒகாவா அதற்குக் ‘கியூ வெடிப்பு’ என்று பெயர் வைத்தார். வன்னியில் அடித்த பெருமின்னல் ஒன்று உலகச் சுற்றுப் பயணியாக அடையாளம் காணப்படுவது இந்த உருவில்தான்.

‘பூமியின் இதயத்துடிப்பு வேகமாகிறது, 40ஐத் தொட்டுவிட்டது’ என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம். அந்த எண்ணைத் தீர்மானிப்பது பூமியின் சுற்றளவு. பூமி சுருங்கவில்லை.

தாழ்ந்த அதிர்வெண்ணில் மனிதர் செய்த மர்மங்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படை விஸ்கொன்சினில் இருந்தும் மிச்சிகனில் இருந்தும் 76 ஹேர்ட்ஸில் 2004 வரை அனுப்பியது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்து நிலையம் 82 ஹேர்ட்ஸில் அனுப்பியது. அதன் அலைநீளம் மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். இத்தாலியின் குமியானா கிராமத்தில் றெனாத்தோ றொமேரோ என்ற அமெச்சூர் வானொலிக்காரர் இவை போன்றவற்றை வீட்டில் செய்த கருவிகளால் தேடிப் பதிந்திருக்கிறார். ஆய்வுக்கூடம் வைத்திருப்போருக்கு மட்டும் உரிய துறை இதுவல்ல என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

மர்மச் சமிக்ஞை என்று எங்களூர்ப் பிள்ளைகள் ஓடிவந்து காட்டுவதில் மிகுதியானவை வீட்டு மின்சாரம்தான். 50 ஹேர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும் கிலோஹேர்ட்ஸ் வரை ஏறி நிற்கும். போன் சார்ஜர், எல்ஈடி விளக்கு, சோலார் இன்வேட்டர் எல்லாம் தங்கள் பங்குக்குக் கிறுக்கும். இதைக் கழிக்கக் கழிக்க ஒரு எண்ணம் மனதை விட்டுப் போகவில்லை. மின்கம்பம் இல்லாத, குப்பி லாம்பு எரிந்த அந்தப் பழைய வன்னி, இந்த அலைகளைக் கேட்க ஆசியாவிலேயே தோதான நிலங்களில் ஒன்றாக இருந்திருக்கும். உலகத்து ஆராய்ச்சியாளர் பாலைவனத்திலும் துருவத்திலும் தேடிப்போகும் அமைதி எங்கள் தலைக்கு மேலே கிடந்தது. கேட்கும் கருவிக்குப் பற்றறிதான் கிடைக்கவில்லை. மின்சாரம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பிள்ளைகள் வெளிச்சத்தில் படிக்கிறார்கள், நான் கம்பத்தை விட்டுக் காட்டுப் பக்கம் நடக்கிறேன், அவ்வளவுதான்.

காட்டுப் பக்கம் நடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷூமன் சுருதியின் காந்த வலு ஏறத்தாழ ஒரு பிக்கோ டெஸ்லா, இங்குள்ள பூமிக் காந்தத்தின் நான்கு கோடியில் ஒரு பங்கு. பல்லாயிரம் சுற்றுக் கம்பிச்சுருள் ஒரு மயிரிழை அசைந்தாலும் அந்தப் பெருங்காந்தத்தில் அசைவதால் சமிக்ஞை மூழ்கிவிடும். பனை காற்றில் ஆடி வேர் வழியே நிலம் நடுங்குவதும் மாடு நடப்பதும் பதிவாகும். ஆகவே சுருளைப் பிவிசி குழாயில் அடைத்து நிலத்தில் புதைக்க வேண்டும். வன்னியில் தோண்டுவதற்கு முன்னால் அந்தத் துண்டு நிலம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கேட்டாக வேண்டும். ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற அமைப்புகளில் எங்கள் பெண்களும் ஆண்களும் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தடவிய கருவியும் தாழ்ந்த அதிர்வெண் காந்த அலையை நிலத்துள் செலுத்தி, உலோகம் தரும் மறுமொழியைக் காதால் கேட்கும் சுருள்தான். போருக்குப் பிறகு இந்த மண்ணை இந்த அலைகளால் முதலில் கேட்டவர்கள் அவர்கள். பொழுதுபோக்காகச் சுருள் புதைக்கும் என் போன்றவர்கள் அவர்கள் துப்புரவாக்கிய நிலத்தில் நிற்கிறோம்.

எங்கள் மின்னலின் பயணம் கடைசியில் ஒரு வரைபடத்தில் முடிகிறது. 1992இல் எங்கள் நாட்டைப் போன்ற வெப்பமண்டல நாடுகளின் சூடு கூடினால் மின்னல் கூடும், ஷூமன் முழக்கமும் கூடும், ஆகவே அதை வெப்பமானியாகவே பயன்படுத்தலாம் என்று ஏர்ள் வில்லியம்ஸ் எழுதினார். அமெரிக்காவின் றோட் ஐலண்டிலும் ஹங்கேரியின் நாஜ்செங்க் ஆய்வுக்கூடத்திலும் அந்த முழக்கத்தை அளந்து வந்திருக்கிறார்கள். புதுக்குடியிருப்பில் இருந்து நாஜ்செங்குக்கு 7,000 கிலோமீற்றருக்கு மேல்; துடிப்பு போய்ச் சேர ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்கு நேரம் எடுக்கும். வன்னிப் பாடசாலை ஒன்றில் ஒரு சோடிச் சுருளும், நேரம் பிசகாமல் இருக்க ஒரு ஜிபிஎஸ் கடிகாரமும் இருந்தால், உயர்தர இயற்பியல் மாணவர்களே புறப்பட்ட நேரத்தை இங்கே குறித்து, அங்கே சேர்ந்த நேரத்தோடு ஒப்பிட்டு அலையின் வேகத்தைக் கணக்கிடலாம். சுருள் ஒன்று வடக்குத் தெற்காக, மற்றது கிழக்கு மேற்காகக் கிடக்க வேண்டும். மாரி பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறிவிடும். ஆவணிக்குள் வெட்டி முடித்தால் ஐப்பசி மின்னலைப் பிடித்துவிடலாம்.