ஓலையும் ஈர்க்கும் சிரட்டையும்: பண்டிகைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய அலங்காரங்களும் அன்பளிப்புகளும்

கார்த்திகை விளக்கீடு, நத்தார், தைப்பொங்கல் என்று மூன்று பண்டிகைகள் இரண்டு மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்து வருகின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் உடுப்பு, பலகாரம், பிள்ளைகளின் கொப்பி புத்தகம் ஆகியவற்றுக்கே காசு போதாத வீடுகளில், அலங்காரப் பொருட்களுக்குச் செலவழிப்பது முடியாத காரியம். ஆனால் எமது பிரதேசங்களில் பண்டிகை அலங்காரம் என்பது அண்மைக்காலம் வரை கடையில் வாங்கும் பொருளாக இருந்ததில்லை. பனை, தென்னை, வாழை, மா ஆகிய நான்கு மரங்களே வாசலையும் முற்றத்தையும் நிறைத்தன.

அந்த மரங்கள் பல யுத்தத்தில் அழிந்தன. பனைகள் பதுங்குகுழிக் குற்றிகளாகத் தறிக்கப்பட்டன; எறிகணை பட்டுத் தலையிழந்து நின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, கைப்பழக்கம் அறுந்து போனதாகும். ஓலை வார்வதும் பெட்டி இழைப்பதும் ஏட்டில் எழுதிவைத்துப் படிக்கும் கல்வி அல்ல. திண்ணையில் பாட்டியின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகுவது. தறப்பாள் கொட்டிலிலும் முகாமிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை கிடைக்கவில்லை. 2009 இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளை இன்று இருபதைத் தாண்டிவிட்டது. தெரிந்தவர்கள் எம்மோடு இருக்கும்போதே இவற்றைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பொருள் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, பாதுகாப்பு. வன்னியிலும் வடக்கின் வேறு சில இடங்களிலும் கண்ணிவெடி அகற்றும் பணி நீண்டகாலமாக நடந்து வருகிறது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ, எல்லை காட்டும் நாடாவோ உள்ள இடத்தைத் தாண்டி ஓலைக்கும் தடிக்கும் போகக்கூடாது. நீண்டகாலம் ஆட்கள் புழங்காத வளவுகளுக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். கோதுகள், உலோகக் குழாய்கள் போன்றவற்றைப் பூச்சாடி செய்வதற்காக எடுத்து வருவது உயிருக்கே ஆபத்தானது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம சேவையாளருக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, மரம். பனை மிக மெதுவாக வளர்வது. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காமல், அடுத்த குருத்துக்கு வேறு மரத்தைப் பாருங்கள். வடலிகளின் குருத்தை ஒட்ட வெட்டினால் மரம் பட்டுப்போகும்.

மூன்றாவது, காலம். விளக்கீடும் நத்தாரும் மாரி மழைக்குள் வருபவை. அந்த நேரத்தில் ஓலை காயாது; பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஆவணி, புரட்டாதி வெயிலிலேயே ஓலையை உலர்த்தி, சுருட்டிக் கட்டி, அடுப்படிப் பக்கம் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனையோலையைப் பதப்படுத்தல்

இழைப்பதற்கு உகந்தது இளம் ஓலையாகும். இதனைச் சார்வோலை என்பார்கள். ஓலையை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட வேண்டும். பச்சை நிறம் போய் வெளிர்மஞ்சளாக வந்ததும் நடு ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை ஒரே அகலமுள்ள நார்களாக வார்ந்துகொள்ள வேண்டும். ஈர்க்கை எறிய வேண்டாம். மாவிலை குத்தவும் சிறு வேலைகளுக்கும் உதவும்.

நிறம் வேண்டுமானால் கொதிநீரில் மஞ்சள்தூள் கலந்து, வார்ந்த ஓலையை அதில் அவித்து, நிழலில் உலர்த்தலாம். நல்ல மஞ்சள் நிறம் வரும். ஆனால் கடும் வெயில் பட்டால் மங்கிவிடும் என்பதால் வீட்டின் உள்ளே வைக்கும் பொருட்களுக்கே இது பொருந்தும். இழைப்பதற்கு முன்னர் ஓலையை நீரில் நனைத்து, ஈரத்துணியில் சிறிது நேரம் சுற்றிவைத்தால் முறியாமல் வளையும்.

தோரணங்கள்

மாவிலைத் தோரணம் மிக எளிது. தும்புக் கயிறொன்றை வாசலின் அகலத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். மாவிலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேலால் மடித்து, இலையோடு சேர்த்துச் சிறு ஈர்க்குத் துண்டால் குத்திவிடுங்கள். இலைகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி போதும். முற்றிய இலைகள் தளிரைவிட அதிக நாள் வாடாமல் இருக்கும்.

தென்னங்குருத்துத் தோரணம் செய்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. யாழ்ப்பாண வழக்கில் மங்கலத் தோரணம் வேறு, அமங்கலத் தோரணம் வேறு. மங்கல நிகழ்வுக்கு நான்கு குருவித் தலைகள் மேல்நோக்கி இருக்கும்படியும், மரண வீட்டுக்கு மூன்று குருவித் தலைகள் கீழ்நோக்கி இருக்கும்படியும் மடிப்பார்கள். இந்த வேறுபாடு இளையவர்கள் பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. மடிப்பை எழுத்தில் படித்துப் பழகுவது கடினம். ஊரில் தோரணம் கட்டும் பெரியவர் ஒருவரிடம் அரைமணி நேரம் இருந்தால் கைக்கு வந்துவிடும்.

பொலித்தீன் கொடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமய, சமூக, அரசியல், கலாசார நிகழ்வுகளில் பொலித்தீனால் அலங்கரிப்பதை 2017 செப்டெம்பரில் இலங்கை அரசு தடைசெய்தது. அப்படியிருந்தும் கோயில் வீதிகளில் அவற்றை இன்றும் காண்கிறோம். குருத்தோலை மூன்றாம் நாள் வாடும். பின்னர் மக்கி உரமாகும்.

பிள்ளைகளுக்கு முதற்பாடம்: நான்கு ஓலைப் பூ

ஆறேழு வயதுப் பிள்ளையும் செய்யக்கூடியது இது.

1. ஒரு விரல் அகலமும் ஒரு அடி நீளமும் கொண்ட நான்கு ஓலைத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக மடியுங்கள்.
2. முதலாவது ஓலையைப் படுக்கையாகப் பிடியுங்கள். இரண்டாவது ஓலையின் இரண்டு கால்களும் முதலாவதற்கு முன்னும் பின்னுமாக வரும்படி கவ்வச் செய்யுங்கள்.
3. மூன்றாவது, இரண்டாவதை அதேபோல் கவ்வட்டும். நான்காவது, மூன்றாவதைக் கவ்வட்டும்.
4. நான்காவதன் இரண்டு கால்களையும் முதலாவது ஓலையின் மடிப்புக்குள் நுழையுங்கள்.
5. நான்கு பக்கமும் மெதுவாக இழுத்தால் நடுவில் சதுரக் கட்டு இறுகும். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைச் சரிவாக வெட்டி, நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பூக்களை நீளம் மாற்றி ஒரு தடியில் கட்டினால் நல்ல தொங்கல் ஆகும். நத்தார் மரத்துக்கும் இதனையே கட்டலாம். மரத்துக்குச் சவுக்குக் கிளை ஒன்று போதும்.

விளக்கீட்டு விளக்குகள்

சிட்டி விளக்குப் போதாவிட்டால் சிரட்டை உண்டு. கண் இல்லாத பாதிச் சிரட்டையைத் தும்பு போகச் சுரண்டி, உள்ளே ஈர மண் இட்டு, அதன்மேல் சிட்டியை வைத்தால் காற்றுக்கும் அசையாது. வாசலில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையைச் சமனாக வெட்டி, சிரட்டையை மேலே பொருத்துங்கள். திரிக்குப் பழைய பருத்தி வேட்டித் துணி நன்று. நைலோன் கலந்த துணி உருகி ஒழுகும்.

தடியில் துணி சுற்றிப் பந்தம் செய்பவர்கள், துணியை எண்ணெயில் ஊறவிட்டுப் பிழிந்த பின்னரே கொளுத்த வேண்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் வேண்டாம். கிடுகு வேலி, ஓலைக் கூரை, தறப்பாள் ஆகியவற்றுக்கு அருகில் பந்தமும் விளக்கும் கூடாது. ஒரு வாளி மணலை எப்போதும் பக்கத்தில் வையுங்கள்.

நத்தார் வெள்ளியும் பாலன் குடிலும்

பட்டம் கட்டத் தெரிந்த கை வெள்ளிக்கூடு கட்டும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களும் நத்தார் வெள்ளியும் சிலாகை, நூல், ரிசுத் தாள், பசை என்ற அதே நான்கு பொருட்களால் ஆனவை.

- இரண்டடி நீளமுள்ள பத்து மூங்கிற் சிலாகைகள் தேவை. ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து ஐந்து மூலை வெள்ளியாகக் கட்டுங்கள். மற்ற ஐந்தாலும் இன்னொன்று கட்டுங்கள்.
- இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனிகளிலும் சேர்த்துக் கட்டுங்கள்.
- நடுவில் சிலாகைகள் வெட்டும் ஐந்து இடங்களிலும் நான்கு அங்குலச் சிறு தடியை முட்டுக் கொடுத்தால் வெள்ளி உப்பி நிற்கும்.
- ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை நீரில் கரைத்துக் காய்ச்சிய பசையால் ரிசுத் தாளை ஒட்டுங்கள். பின்பக்கத்தில் கை நுழைய இடம் விடுங்கள்.
- உள்ளே சிறிய எல்இடி மின்குமிழ் மட்டும். மெழுகுதிரி வைக்க வேண்டாம். மழைக்கு நனையாதபடி தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள்.

பாலன் குடிலுக்குக் காவோலைச் சுவரும் வைக்கோற் கூரையும் போதுமானவை. பத்து நாட்களுக்கு முன்னர் தட்டையான சட்டியில் ஈர மண் பரப்பி நெல்லோ பயறோ விதைத்தால், நத்தாருக்குக் குடிலைச் சுற்றிப் பசும்புல் நிற்கும்.

கொடுப்பதற்கு

பனங்கட்டிக் குட்டான் எமது மண்ணின் மிக அழகிய அன்பளிப்புப் பொதி. வெறுங் குட்டானை இழைப்பவரிடம் வாங்கி எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், புழுக்கொடியல் என்று நிரப்பிக் கொடுக்கலாம். இழைக்கத் தெரியாதவர்கள் பிளாவிலிருந்து தொடங்கலாம். ஓலையின் இரண்டு மூன்று மடிப்புகளைப் பிரியாமல் நறுக்கி, தோணிபோல் வளைத்து, நுனிகளைச் சேர்த்து ஓலை நாரால் கட்டினால் பிளா. கூழுக்குப் பிடித்த அதே பிளாவில் பூவோ பலகாரமோ வைத்துக் கொடுக்கலாம்.

பழைய நாட்காட்டித் தாளில் மடித்த விதைப் பொட்டலம் இன்னொன்று. கத்தரி, வெண்டி, பயிற்றை விதைகளை உலர்த்தி, பெயரும் எடுத்த மாதமும் எழுதிக் கொடுங்கள். மீள்குடியேறி வீட்டுத் தோட்டத்தைத் திரும்பத் தொடங்கிய குடும்பத்துக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு குறைவு.

வெளிநாட்டில் உள்ள உறவுகளுக்கு அனுப்புவதானால் நன்கு காய்ந்த பனையோலைப் பொருட்களையே அனுப்புங்கள். தென்னங்குருத்து வழியில் பூஞ்சணம் பிடிக்கும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் தாவரப் பொருட்களை இறுக்கமாகச் சோதிப்பதால், பொதியின் மீது உள்ளே இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். விதை அனுப்பாதீர்கள்.

கை இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள்

இந்த வேலைகளில் பெரும்பாலானவை அவர்களாலும் முடியும். ஒரு கையால் இழைப்பவர்கள் ஓலையின் ஒரு முனையைப் பலகையில் உடுப்புக் கிளிப்பால் பிடிக்கச் செய்யலாம். அல்லது பாரமான கல்லை வைக்கலாம். “ஒன்று மேல், ஒன்று கீழ்” என்ற பின்னலைப் பார்வையில்லாதவர்கள் விரல் தடவியே செய்கிறார்கள். அகலமான ஓலையில் தொடங்குவது இலகு. பத்து ஓலை நெடுக்காகவும் பத்து ஓலை குறுக்காகவும் பின்னி, ஓரங்களை உள்ளே சொருகினால் விளக்கு வைக்கும் தட்டு ஆயத்தம்.

விற்க நினைக்கும் பெண்கள் கவனிக்க: பொருளுக்கு ஓலைக் காசை மட்டும் கணக்கிடாமல், செலவழித்த மணித்தியாலத்தையும் எழுதிவைத்து விலை சொல்லுங்கள். 1978 இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடம் பயிற்சி, விற்பனை வாய்ப்புகள் குறித்து விசாரிக்கலாம்.

கொண்டாடாத வீடுகள்

எம்மிடையே பண்டிகை கொண்டாடாத வீடுகள் பல. ஆட்டைத் திவசம் முடியாத வீடு ஒன்று. காணாமல் ஆக்கப்பட்டவரின் வரவுக்காக இன்னும் காத்திருக்கும் வீடு இன்னொன்று. சுனாமியில் உறவுகளை இழந்த கரையோரக் குடும்பங்களுக்கு நத்தாருக்கு அடுத்த நாளே நினைவு நாள். இந்த வீடுகளுக்கு நிறத் தாளும் தொங்கலும் கொண்டுபோக வேண்டாம். ஒரு குட்டான் பனங்கட்டி, ஒரு சிட்டி, கொஞ்ச எண்ணெய், ஒரு பிடி விதை போதும். “இந்த முறையும் உங்களை நினைத்தோம்” என்பதை அது சொல்லும். முடிந்தால் வாசலில் நின்று கொடுத்துவிட்டு வராமல், சற்று இருந்து பேசிவிட்டு வாருங்கள்.

இந்த ஆண்டு ஒன்று மட்டும்

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊரில் அதைச் செய்யத் தெரிந்த அம்மம்மாவையோ அப்பப்பாவையோ தேடிப்போய், பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்துங்கள். அவர்களின் கை அசைவைத் தொலைபேசியில் படம்பிடித்து, ஒவ்வொரு படியின் பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். வார்தல், இழைத்தல், பொத்துதல் என்ற சொற்களும் அந்தக் கைகளோடுதான் இருக்கின்றன. அடுத்த பண்டிகைக்கு அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.