சேலத்து ஜேம்ஸ்பாண்டும் லண்டன் துப்பறிவாளர்களும்

துப்பறியும் படம் என்றாலே வெளிநாட்டு லொகேஷன், ஹெலிகாப்டர், கோடிக்கணக்கில் பட்ஜெட் என்று ஆகிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் நாலு சுவர், ஒரு கார், ஒரு சுழல் நாற்காலி, வில்லன் அறையில் மினுக் மினுக்கென்று எரியும் பல்புகள்... இவ்வளவை வைத்துக்கொண்டே ரசிகர்களைக் கட்டிப் போட்டார்கள். லண்டனிலும் செய்தார்கள், நம்ம சேலத்திலும் செய்தார்கள்!

முதலில் லண்டன் கதை. ஹாலிவுட் படங்களின் படையெடுப்பைத் தாங்க முடியாமல் 1927ல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. தியேட்டர்கள் குறிப்பிட்ட அளவு உள்நாட்டுப் படங்களைக் காட்டியே ஆக வேண்டும். விளைவு? கணக்குக் காட்டுவதற்காகவே அவசர அவசரமாக மலிவுப் படங்கள் வந்தன. 'கோட்டா குவிக்கீஸ்' என்று கேலி செய்தார்கள். ஆனால் பின்னாளில் பெரிய இயக்குநரான மைக்கேல் பவல் தொழில் பழகியது இந்தப் படங்களில்தான். 1950களில் பெரிய படத்தோடு இலவச இணைப்பு மாதிரி ஒரு மணி நேரச் சின்னப் படம் ஓடும். அதில் குற்றக் கதைகளுக்குத்தான் கிராக்கி. காரணம் எளிது: ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு வாடகை வீடு, இருட்டான ஒரு தெரு இருந்தால் கதை ரெடி. 1960களில் மெர்ட்டன் பார்க் ஸ்டுடியோ எட்கர் வாலஸ் கதைகளை வரிசையாக எடுத்துத் தள்ளியது.

இனி நம்ம ஊர். சென்னையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் போகும் ரயில் பாதையில்தான் சேலமும் இருக்கிறது. அங்கே 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது மாடர்ன் தியேட்டர்ஸ். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர் அவர். படம் எடுப்பதையும் ஒரு மில் நடத்துவது போலத்தான் நடத்தினார். ஸ்டுடியோ சொந்தம், கதாசிரியர்களுக்கு மாதச் சம்பளம், நேரம் தவறினால் முதலாளியின் கண்டிப்பு! நூறுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்த ரகசியம் இதுதான்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. நிலையான செலவு அதிகமுள்ள இடத்தில் உற்பத்தி நிற்கக் கூடாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் லைன் சும்மா நின்றால் எவ்வளவு நஷ்டமோ, அவ்வளவு நஷ்டம் படப்பிடிப்புத் தளம் சும்மா கிடந்தால். ஆகவே புராணமோ, சரித்திரமோ, துப்பறியும் கதையோ, அடுத்தடுத்து படம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

துப்பறியும் கதைக்கு வாசகர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். நம்ம பழைய வடாற்காட்டைச் சேர்ந்த ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்திருந்தார். அவருக்குப் பின் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவருடைய 'திகம்பர சாமியார்' 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமானது. வில்லனாகவே நாம் அறிந்த நம்பியார் அதில் மாறுவேடங்கள் போட்டுத் துப்பறியும் நாயகன்!

இன்னொரு சுவாரசியம். 1952ல் சுந்தரம் 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தைக் கூட்டாகத் தயாரித்தார். கூட்டாளி, அமெரிக்க மலிவுப் பட முதலாளி ராபர்ட் லிப்பர்ட். அதே காலத்தில் இதே லிப்பர்ட் இங்கிலாந்தின் ஹேமர் கம்பெனியோடும் கைகோத்து, சின்ன பட்ஜெட் குற்றப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆக, சேலமும் லண்டனும் ஒரே வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தவை.

சுந்தரம் 1963ல் மறைந்தார். அவர் மகன் ராமசுந்தரம் காலத்தில்தான் ஜெய்சங்கர் வந்தார். 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' (இரண்டும் 1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று வரிசையாகப் படங்கள் வர, 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டம் ஒட்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களின் சம்பளமும் செலவும் வேறு. ஜெய்சங்கர் படம் அளவான செலவில் முடிந்து, வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வந்துவிடும். ஏரியா ஏரியாவாக விற்கப்பட்ட இந்தப் படங்கள் வாழ்ந்தது பி, சி சென்டர்களிலும் டூரிங் டாக்கீஸ்களிலும்தான்.

குறைகள் இல்லையா? நிறைய. வேதாவின் பாட்டுகளில் பல, இந்தி மெட்டுகள். கதையிலும் வெளிநாட்டு வாடை வீசும். வில்லனின் ரகசியக் குகை அட்டையில் செய்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

பிறகு ஏன் இன்றும் பிடிக்கிறது? காசில்லாத இயக்குநருக்கு வீணடிக்க நேரமில்லை. பிரம்மாண்டம் காட்ட முடியாது, ஆகவே கதை ஓட வேண்டும்; யார் கொலைகாரன் என்ற கேள்வி கடைசி வரை நிற்க வேண்டும். இரண்டு இடத்துப் படங்களுக்கும் இது பொது. வித்தியாசம் ஒன்றுதான். லண்டன் படம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நம்ம படம் பாட்டும் காமெடியும் சேர்த்து முழு நேரம் ஓடியாக வேண்டும். அந்த வகையில் சேலத்துக்காரர்களின் வேலை இன்னும் கஷ்டம்!

இங்கிலாந்தில் அந்தச் சின்னப் படங்களைத் தேடியெடுத்து, சுத்தம் செய்து, டிவிடி போட்டு, புத்தகமும் எழுதுகிறார்கள். இங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில், ஏற்காடு சாலையில், மிஞ்சியிருப்பது ஒரு நுழைவு வளைவுதான். வளைவு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லதுதான். அப்படியே வீட்டுக்குப் போய் 'வல்லவன் ஒருவன்' ஒருமுறை பாருங்கள். பார்க்க ஆளிருந்தால்தான் பழைய படத்தைப் பாதுகாக்கவும் ஆளிருக்கும்.